நாயின் வயதும் மனிதனின் அளவுகோலும்

நாயின் ஓராண்டு மனிதனின் ஏழாண்டுக்கு ஒப்பாகும் என்ற கணக்கைப் படித்தவரும் பாமரரும் ஒருங்கே நம்பிவந்துள்ளனர். மனிதன் எழுபது ஆண்டும் நாய் பத்தாண்டும் வாழ்வதாகக் கொண்டு வகுத்தாற் கிடைப்பதே இவ்வேழு. எழுபது என்பதும் விவிலியத்தின் 90ஆம் சங்கீதம் மனிதனுக்கு விதித்த ஆயுளேயாகும். இத்தகைய கணக்குகளின் வரலாற்றை நோக்கின், நாயைப் பற்றி அறிவதிலும் பார்க்க, மனிதன் தன் ஆயுளைப் பற்றி எண்ணியவற்றையே அதிகம் அறியலாம்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் நாயின் வயதை நாயின் வயதாகவே எழுதினார். லக்கோனிய வேட்டை நாய்களில் ஆண் பத்தாண்டளவும் பெண் பன்னிரண்டாண்டளவும் வாழும் என்றும், ஏனைய இனங்களிற் சில இருபதாண்டு வரையும் வாழும் என்றும் குறித்தார். ஒடீசியஸின் நாய் இருபதாம் ஆண்டில் இறந்ததாக ஹோமர் பாடியது பொருத்தமானதெனக் கொள்ளப்பட்டமைக்கு இதையே காரணங் காட்டினார். வெண்மையும் கூர்மையுமுடைய பல் இளமைக்கும், கறுத்து மழுங்கிய பல் முதுமைக்கும் அடையாளம் என்றார். இனத்துக்கினம் ஆயுள் வேறுபடும் என்னும் உண்மை அவர் கூற்றிலேயே உண்டு. பின்வந்தோர் அதனை மறந்தனர்.

மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில், 1268இல், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் பீடத்தின் முன் இத்தாலியக் கைவினைஞர் பதித்த கற்றளத்தில் ஒரு விசித்திரமான கணக்கு இலத்தீனிற் பொறிக்கப்பட்டது. வேலியின் ஆயுள் 3 ஆண்டு. அதன் மும்மடங்கு நாய். அதன் மும்மடங்கு குதிரை. பின்னர் மனிதன், கலைமான், காகம், கழுகு, திமிங்கிலம், இறுதியில் உலகம். இதன்படி நாய்க்கு 9, மனிதனுக்கு 81, உலகுக்கு 19,683 ஆண்டுகள். நாய்க்கும் மனிதனுக்குமிடையிலான விகிதம் இங்கு ஒன்பது. எந்த நாயையும் அவதானித்துப் பெற்ற எண்ணன்று இது. உலகின் முடிவைக் கணிக்க அமைத்த ஏணியில் நாய் ஒரு படி மட்டுமே. 2023இல் மூன்றாம் சார்ள்ஸ் முடிசூடியதும் இத்தளத்தின் மீதே.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கை நூலார் புபோன், ஆயுளை வளர்ச்சிக் காலத்தோடு தொடர்புபடுத்தினார். நாய் விரைந்து வளர்வதால் பத்துப் பன்னிரண்டாண்டில் மடிகிறது. மனிதன் மெல்ல வளர்வதால் தொண்ணூறு நூறாண்டு வாழ இயல்கிறது என்பது அவர் கருத்து. எண் பிழையாயினும் கேள்வி சரியானது.

பெருக்கல் வாய்பாட்டின் அடிப்படைக் குறை, இரு வாழ்வும் ஒரே வடிவுடையன எனக் கொள்வதாகும். ஏழாண்டுக் கணக்கின்படி ஒரு வயது நாய் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒப்பாகும்; அந்நாயோ அதற்குள் குட்டி ஈனும் பருவத்தை எய்திவிடுகிறது. 1953இல் பிரெஞ்சு மிருக வைத்தியர் லெபோ இதனைத் திருத்தினார். முதலாண்டு 15, ஈராண்டு 24, பின்னர் ஆண்டுக்கு நான்கு என்பது அவர் அட்டவணை. பத்து வயது நாய்க்கு 56 வருகிறது. 1939இல் அவுஸ்திரேலியாவில் இறந்த புளூயி என்னும் நாய் 29 ஆண்டும் 5 மாதமும் வாழ்ந்ததாகப் பதிவுண்டு. ஏழாற் பெருக்கினால் இருநூறைத் தாண்டும். லெபோவின் கணக்கில் ஏறத்தாழ 134. இரண்டும் மனிதன் எட்டாத வயதுகளே.

2020இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ ஆய்வாளர், 104 நாய்களின் மரபணுப் பொருளில் மெதைல் கூட்டங்கள் வயதோடு மாறும் முறையை மனிதருடையதோடு ஒப்பிட்டனர். நாயின் வயதின் இயற்கை மடக்கையை 16ஆற் பெருக்கி 31ஐக் கூட்டுவது அவர்கள் கண்ட சூத்திரம். ஒரு வயதுக்கு 31, நான்குக்கு 53, பத்துக்கு 68. வளைகோடு நேர்கோட்டை வென்றது. ஆயினும் ஆராயப்பட்டவை பெரிதும் லாப்ரடோர் இன நாய்களே.

இனவேறுபாடு சிறியதன்று. 74 இனங்களை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, உடல் நிறை ஏறத்தாழ 2 கிலோகிராம் கூடுந்தோறும் ஆயுள் ஒரு மாதமளவு குறைவதைக் காட்டிற்று. ஏழு வயதிற் கிரேட்டேன் கிழநாய், சிவாவா நடுவயதினது. இரண்டையும் நாற்பத்தொன்பது என்று சொல்லும் உரிமையாளர், முன்னதை வைத்தியரிடம் காட்டக் காலந்தாழ்த்துவர். அமெரிக்க விலங்கு மருத்துவமனைகளின் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, நாயின் முதுமையை அதற்கு எதிர்பார்க்கப்படும் ஆயுளின் கடைசிக் காற்பங்கு என வரையறுத்தது. மனித வயதுக்கு மாற்றவேண்டிய தேவை அவ்வரையறையில் இல்லை.