மனித உயிரியல் கண்காணிப்பு

மனித உயிரியல் கண்காணிப்பு என்பது சூழலில் உள்ள வேதிப்பொருட்கள் மனித உடலுக்குள் எந்த அளவு புகுந்துள்ளன என்பதை, குருதி, சிறுநீர், தலைமுடி, தாய்ப்பால் போன்ற மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்து அறியும் முறையாகும். காற்று, நீர், உணவு ஆகியவற்றைத் தனித்தனியே அளந்தால் உடலுக்குள் செல்லும் அளவைக் கணிக்க மட்டுமே இயலும். உடல் மாதிரியோ எல்லா வழிகளிலும் உட்புகுந்ததை ஒருசேரக் காட்டுகிறது. பகுப்பாய்வு வேதியியல், நச்சியல், நோய்ப்பரவலியல் ஆகிய மூன்றும் சந்திக்கும் துறை இது.

வரலாறு

1955 ஆம் ஆண்டு ஆலன் வால்ஷ் என்பவர் ஆஸ்திரேலியாவில் அணு உட்கவர் நிறமாலையியல் முறையை வெளியிட்டார். இதன் பின்னர் குருதியில் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை அளப்பது எளிதாயிற்று. 1950களின் இறுதியில் ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கிய எதிர்மின்னி கவர் உணரி, டி.டி.டி. போன்ற குளோரின் சேர்ந்த பூச்சிக்கொல்லிகளை மிக நுண்ணிய அளவிலும் காட்டியது.

புவியின் அகவையை ஈய ஓரிடத்தான்களைக் கொண்டு கணித்த கிளேர் பேட்டர்சன், தமது ஆய்வகத்தின் தூசியிலும் நீரிலும் இருந்த ஈயமே அளவீடுகளைக் கெடுப்பதைக் கண்டறிந்தார். மக்களின் குருதியில் அக்காலத்தில் காணப்பட்ட ஈய அளவு பரவலானதே தவிர இயற்கையானது அன்று என அவர் 1965 ஆம் ஆண்டு வாதிட்டார். ஈயம் கலந்த பெட்ரோலைத் தயாரித்த நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகராக இருந்த ராபர்ட் கீஹோ இதற்கு மாறான கருத்தைக் கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை நடந்த தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வில், மக்களின் சராசரிக் குருதி ஈய அளவு சுமார் 37 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. பெட்ரோலில் பயன்படுத்தப்பட்ட ஈயத்தின் அளவும் அதே காலத்தில் குறைந்திருந்தது. ஈயப் பயன்பாட்டை மேலும் கட்டுப்படுத்த இம்முடிவு முக்கிய சான்றாக அமைந்தது. 1996 ஆம் ஆண்டு அந்நாட்டில் சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஆம் ஆண்டு அதன் விற்பனையை நிறுத்தியது.

மாதிரிகள்

எந்த மாதிரியைத் தெரிவு செய்வது என்பது வேதிப்பொருள் உடலில் தங்கும் காலத்தைப் பொறுத்தது.

* குருதி: ஈயத்தின் அண்மைக்கால நுழைவைக் காட்டும். குருதியில் ஈயத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒரு மாதம். எலும்பிலோ அது பல ஆண்டுகள் தங்கும்.
* சிறுநீர்: பிஸ்பீனால் ஏ போன்று சில மணி நேரத்தில் வெளியேறும் பொருட்களுக்கு ஏற்றது. உடலில் நீர் மிகுந்தால் செறிவு குறையுமாதலால், கிரியேட்டினின் அளவைக் கொண்டு முடிவு திருத்தப்படுகிறது.
* தலைமுடி: மீத்தைல் பாதரசத்தை அளக்கப் பயன்படும். முடி மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், அதைத் துண்டுகளாக வெட்டிக் கடந்த மாதங்களின் நிலையை அறியலாம்.

பகுப்பாய்வு முறைகள்

உலோகங்களை அளக்கத் தூண்டல் பிணைப்பு மின்ம நிறை நிறமாலைமானி பெரிதும் பயன்படுகிறது. கரிமச் சேர்மங்கள் முதலில் வளிம அல்லது நீர்ம நிறப்பகுப்பியல் மூலம் பிரிக்கப்பட்டு, பின்னர் நிறை நிறமாலைமானியால் இனங்காணப்படுகின்றன.

ஓரிடத்தான் நீர்த்தல் முறையில், தேடப்படும் சேர்மத்தின் கார்பன்-13 அல்லது டியூட்டிரியம் கொண்ட வடிவம் தெரிந்த அளவில் தொடக்கத்திலேயே மாதிரியுடன் சேர்க்கப்படும். பிரித்தெடுக்கும்போது பாதி இழக்கப்பட்டாலும் இரண்டும் சம விகிதத்தில் இழக்கப்படும். எனவே அவற்றின் விகிதத்திலிருந்து தொடக்க அளவைக் கணக்கிடலாம்.

ஆராய்ச்சிப் பயிற்சி

கருவியை இயக்குவதைவிட, அது தரும் எண்ணை நம்பலாமா என்று தீர்மானிக்கக் கற்பதே இத்துறையில் கடினமான பகுதியாகும். பயிலும் மாணவர்கள் பின்வருவனவற்றில் தேர்ச்சி பெறவேண்டும்.

* மாதிரி இல்லாத வெற்றுச் சோதனை மூலம் மாசு கலப்பைக் கண்டறிதல். தாலேட்டுகள் ஆய்வகத்தின் நெகிழிப் பொருட்களிலிருந்தும் வரக்கூடும்.
* சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருளைக் கொண்டு துல்லியத்தைச் சரிபார்த்தல்.
* கண்டறியும் எல்லையைக் கணக்கிடுதல். இது பொதுவாக வெற்றுச் சோதனைகளின் திட்ட விலக்கத்தைப் போல் 3 மடங்காகக் கொள்ளப்படுகிறது. "கண்டறியப்படவில்லை" என்பது சுழியம் என்று பொருள்படாது.
* பிற ஆய்வகங்களுடன் ஒரே மாதிரியை அளந்து முடிவுகளை ஒப்பிடுதல்.

அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான சூப்பர்ஃபண்ட் ஆராய்ச்சித் திட்டம், உடல்நல அறிவியலையும் சூழல் அறிவியலையும் இணைத்துப் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. தேசிய சுற்றுச்சூழல் உடல்நல அறிவியல் நிறுவனம் இதனை நடத்துகிறது.

வரம்புகள்

ஒரு வேதிப்பொருள் உடலில் இருப்பது மட்டுமே நோயின் அறிகுறி அன்று. அது எங்கிருந்து வந்தது என்பதையும் அளவீடு தானாகக் கூறாது. மறுபுறம், குறைந்த அளவைப் பாதுகாப்பானது என்று கொள்ளவும் இயலாது. குழந்தைகளின் குருதியில் ஈயத்திற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991 ஆம் ஆண்டு டெசிலீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வகுத்த அளவு, 2012 இல் 5 ஆகவும் 2021 இல் 3.5 ஆகவும் குறைக்கப்பட்டது. ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடாகும்.

விரல் நுனியில் எடுத்த குருதியில் தோலின் ஈயத் தூசி கலந்திருக்கக் கூடும். எனவே உயர்ந்த முடிவு வந்தால், சிரையிலிருந்து எடுத்த குருதியைக் கொண்டு அதை உறுதி செய்வது வழக்கம்.

இவற்றையும் பார்க்கவும்

* பகுப்பாய்வு வேதியியல்
* நச்சியல்
* ஈய நச்சேற்றம்
* மினமாட்டா நோய்