மறுபடியும் மண்ணா? ஒரு திண்ணை கட்டும் முன்

திண்டிவனம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில், ஊர் கூடி மண்ணால் ஒரு திண்ணை எழுப்பி, மேலே கூரை போடத் திட்டமிட்டு வருகிறோம். மாலையில் பிள்ளைகள் படிக்கவும், பெரியவர்கள் உட்கார்ந்து பேசவும், கூட்டம் நடத்தவும் ஓர் இடம் வேண்டும். பேச்சை எடுத்ததுமே வந்த கேள்வி: "மறுபடியும் மண்ணா?" நியாயமான கேள்வி. இதற்கு வரலாற்றில்தான் பதில் தேட வேண்டும்.

நம் முன்னோர் மண்சுவரில் வாழ்ந்தது விருப்பத்தால் அல்ல. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் அரசுக்கு அளித்த அறிக்கை, சேரியின் குடிசை நிற்கும் மனைகூட மிராசுதார் பிடியில் இருந்ததைச் சொல்கிறது. எப்போது வேண்டுமானாலும் விரட்டப்படலாம் என்றிருப்பவர் எப்படிக் கல்வீடு கட்டுவார்? அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1930இல் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளில் ஒன்று, ஆதிதிராவிடர் வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்பது. மண் நம்மீது சுமத்தப்பட்டது.

இதே விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் பக்கம் ஆரோவில் இருக்கிறது. அங்கே 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனத்தில், அழுத்திய மண்கல் செய்யப் பல நாட்டவர் வந்து பயில்கிறார்கள். அங்கே அது தொழில்நுட்பம். நம் பாட்டிமார் வைக்கோல் கலந்து மிதித்துச் சுவர் வைத்தால் அது ஏழ்மை. இழிவு மண்ணில் இல்லை, கட்டாயத்தில் இருந்தது. இன்று நாம் தேர்ந்தெடுத்துக் கட்டினால் அது நம் அறிவு.

கூரை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1978 ஜூலையில் விழுப்புரம் பெரிய காலனியில் 12 பேர் கொல்லப்பட்டார்கள், குடிசைகள் கொளுத்தப்பட்டன. பனை நிறைந்த நம் பகுதியில் ஓலை எளிதாகக் கிடைக்கும், குளிர்ச்சியும் தரும். ஆனாலும் நாம் ஓடு போடலாம் என்கிறோம். அழகு பார்த்து எடுத்த முடிவல்ல இது.

மழையையும் மறக்க முடியாது. 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்தது. ஆகவே அடியில் கருங்கல் கடைக்கால் உயரமாக இருக்க வேண்டும். கூரை நன்றாக வெளியே நீண்டு சாரலைத் தடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மண் முழுதும் காய்ந்திருக்க வேண்டும்.

மிகப் பெரிய கேள்வி, யார் உட்காரலாம் என்பது. ஊர்த்தெருத் திண்ணைகள் நமக்கு உட்காரும் இடமாக இருந்ததில்லை. கைகட்டி எதிரே நிற்கும் இடமாகத்தான் இருந்தன. பொதுச்சாலை, கிணறு, கட்டடம் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். 99 ஆண்டுகள் கழித்து, 2023இல், விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நம்மவர்கள் தாக்கப்பட்டார்கள். கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. சட்டம் திறந்த கதவைச் சாதி இன்னும் மறித்து நிற்கிறது.

எனவே தோழர்களே, மண் குழைப்பதற்கு முன் மூன்று வேலைகள். முதலில், இடம் யார் பெயரில் இருக்கிறது என்று சிட்டா, 'அ' பதிவேடு பாருங்கள். புறம்போக்கு என்றால் ஊராட்சித் தீர்மானம் எழுத்தில் வேண்டும். பட்டா இல்லாத மனையின் கதையை நாம் மறுபடியும் வாழக் கூடாது. இரண்டாவது, எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் பெண்களும் முதியவர்களும் முதலில் பேசட்டும். மூன்றாவது, பக்கத்தில் வாழும் இருளர் குடும்பங்களை அழையுங்கள், மண் சுமக்க மட்டுமல்ல, முடிவெடுக்கவும். நாம் கட்டும் திண்ணையிலும் ஒருவர் நின்றுகொண்டே பேச வேண்டியிருந்தால், அதுவும் ஊர்த்தெருத் திண்ணைதான்.