துரை விரும்பிய சுத்தம்



சிலிபினில் நின்று மேற்கே பார்த்தால் கிளேடாங் மலை தெரியும். அது கருங்கல் மலை. நாம் மிதித்து நடக்கும் மண்ணில் பெரும்பகுதி இத்தகைய மலைகளின் பிள்ளைதான்.

கருங்கல் ஒரே பொருள் அன்று. பல கனிமங்கள் சேர்ந்து இறுகியது. லட்சக்கணக்கான ஆண்டுகள் வெயிலும் மழையும் தாக்க, அவை பிரிகின்றன. குவார்ட்சு கரையாமல் மணலாக நிற்கிறது. பெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாகிறது. கல்லிலிருந்த இரும்பு துருப்பிடிக்கிறது. பழைய ஆணியின் நிறமும் தோட்டத்துச் செம்மண்ணின் நிறமும் ஒரே காரணத்தால் வந்தவை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் அந்தக் கல்லோடு வந்ததே. ஈயத் தாது மணலைவிட இரண்டரை மடங்கு கனமானது. ஆறு அதை அடியில் தங்கவிட்டு மணலை இழுத்துச் சென்றது.

நம் நாட்டில் மழை அதிகம். அது மண்ணிலுள்ள சுண்ணாம்பு முதலிய சத்துகளைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது புளித்த மண். ஆகவே வளமெல்லாம் இலை மக்கி உண்டான கருமையான மேல்மண்ணில்தான் இருக்கிறது. அதன் ஆழம் சில அங்குலமே.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் சிலவற்றை ஹியூ லோ என்பவர் பேராக்கின் கோலகங்சாரில் நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற, காடுகள் எரிக்கப்பட்டன. அப்போது துரைமார்களுக்கு ஒரே பிடிவாதம்: பால்மரத்தின் கீழே ஒரு புல்கூட இருக்கக்கூடாது! நம் பாட்டன் பாட்டிமார் கும்பல் கும்பலாக மண்வெட்டியோடு போய் நிலத்தைச் சுரண்டினார்கள். ஒரு புல் தலைகாட்டினாலும் ஏச்சு விழும். தோட்டம் கூட்டிய வாசல்போல் இருந்தது.

மழை பெய்தது. தடுக்க வேரில்லை, தாங்க இலையில்லை. சரிவிலிருந்த மேல்மண் ஓடையில் இறங்கியது. ஈயச் சுரங்கங்கள் விட்ட சேறும் சேர்ந்து ஆறுகள் மேடிட்டன. 1926 டிசம்பரில் பெருமழை கொட்டியபோது, மேடிட்ட ஆறுகள் தண்ணீரைத் தாங்கவில்லை. சுரண்டிய கைகளைக் குறை சொல்வது நியாயமன்று. உத்தரவு வேறிடத்திலிருந்து வந்தது. பக்கத்திலிருந்த சிறு தோட்டக்காரர்கள் புல் பூண்டை விட்டுவைத்தார்கள். அதைச் சோம்பல் என்றார்கள் துரைமார். ஆனால் மண் தங்கியது அங்கேதான்.

பிறகுதான் புத்தி வந்தது. சரிவுக்குக் குறுக்கே படிகள் வெட்டினார்கள், வண்டலைப் பிடிக்கக் குழி தோண்டினார்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் அமைந்தது. பியூராரியா, சென்ட்ரோசீமா முதலிய கொடிகள் மரங்களுக்கிடையே படரவிடப்பட்டன. இவை அவரை இனம். வேரிலுள்ள சிறு முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றுகின்றன. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

இன்று ஈப்போவைச் சுற்றிப் பல பால்மரக் காடுகள் குடியிருப்புகளாகிவிட்டன. 1985-இல் ஈய விலை சரிந்தபின் சுரங்கங்களும் மூடின. உங்கள் வீட்டுப் பின்புறத்து மண் எது என்று அறிய, ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களிமண் மறுநாளும் நீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். எல்லாம் உடனே தங்கி நீர் தெளிந்துவிட்டால் அது வெறும் மணல். பழைய சுரங்க நிலமாகவும் இருக்கலாம். கிந்தாவில் அத்தகைய நிலத்தில் கோழி எருவைக் கொட்டிக் கீரை விளைவித்தவர்கள் உண்டு.