பாரிஸிலிருந்து பந்திப்பூருக்கு ஒரு கணக்கு

பந்திப்பூர் காட்டில் எத்தனை புலிகள்? 2022 தேசியக் கணக்கெடுப்பு தந்த விடை 150. காட்டுப் புலிகளை ஒன்றுவிடாமல் எண்ணி முடிக்க யாராலும் ஆகாது. கண்ணில் படாத புலியையும் சேர்த்துச் சொல்லும் ஒரு கணக்குதான் இதைச் சாத்தியமாக்கியது. அது பந்திப்பூர் உள்ள, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்துக் காடுகளுக்கு வந்து சேர ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின.

அதன் தொடக்கம் பாரிஸ். 1802இல் கணித மேதை லாப்லாஸ், எல்லோரையும் எண்ணாமலே பிரான்சின் மக்கள்தொகையைக் கணிக்க ஒரு வழி கண்டார். நாடெங்கும் பிறப்புப் பதிவேடுகள் இருந்தன. தேர்ந்தெடுத்த சில ஊர்களில் மட்டும் ஆட்களை எண்ணி, ஒரு பிறப்புக்குச் சுமார் 28 பேர் என்ற விகிதத்தை எடுத்தார். அதை நாட்டின் மொத்தப் பிறப்போடு பெருக்கியபோது கிடைத்தது ஏறத்தாழ 2.8 கோடி.

1890களில் கணக்கு கடலுக்குப் போனது. டென்மார்க்கின் பீட்டர்சன் மீன்களுக்கு அடையாளமிட்டு நீரில் விட்டு, மறுபடி வலையில் விழுந்தவற்றை ஆராய்ந்தார். 1930இல் அமெரிக்காவின் ஃபிரெடெரிக் லிங்கன், காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்ட வாத்துகளில் எத்தனை வேட்டைக்காரர்கள் வழியாகத் திரும்பி வந்தன என்று பார்த்து, மொத்த வாத்துகளையும் மதிப்பிட்டார். இன்றும் இந்தச் சூத்திரம் லிங்கன்-பீட்டர்சன் பெயரில்தான் வழங்குகிறது.

இந்தியாவிலோ புலிகளை எண்ண வேறு முறை வேரூன்றியது. 1966இல் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்தபடி, வனக்காவலர்கள் புலியின் காலடித் தடத்தைக் கண்ணாடியில் வரைந்து எடுத்தார்கள். 1972 கணக்கெடுப்பின் 1,827 என்ற எண் அப்படி வந்தது. ஒவ்வொரு புலியின் தடமும் கிடைக்கும், அதைப் பிழையின்றிப் பிரித்தறியலாம் என்ற நம்பிக்கையில் நின்ற முறை அது. 2005இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் அந்த நம்பிக்கை உடைந்தது. காகிதத்தில் புலிகள் இருந்தன. காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மாற்று வழி அதற்குப் பத்தாண்டு முன்பே கர்நாடகத்தில் தயாராக இருந்தது. கபினி நீர்த்தேக்கத்தைத் தாண்டினால் பந்திப்பூரை ஒட்டி இருப்பது நாகரஹொளே. அங்கே வன உயிரியலாளர் உல்லாஸ் காரந்த் தானியங்கிக் கேமராக்களை வைத்து, வாத்துக் கணக்கின் வழிவந்த முறையைப் புலிக்குப் பொருத்தி 1995இல் ஆய்வை வெளியிட்டார். புலிக்கு வளையம் மாட்டத் தேவையில்லை. மனிதருக்குக் கைரேகை மாதிரி அதற்கு வரிகள் உண்டு.

காட்டுப் பாதையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில், எதிரெதிராக இரண்டு கேமராக்களைக் கட்டுகிறார்கள். சூடான உடல் ஒன்று கடந்தால் இரண்டும் படமெடுக்கும். ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறுவேறு என்பதால் இரண்டும் வேண்டும். பிறகு மென்பொருள் படத்தை ஒரு முப்பரிமாண உருவத்தின் மேல் போர்த்தி, பழைய படங்களோடு ஒப்பிடுகிறது.

முதல் சுற்றில் 30 புலிகள் படத்தில் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் 25. அவற்றில் 15 முன்பே பார்த்தவை, அதாவது ஐந்தில் மூன்று பங்கு. அப்படியானால் முதலில் பார்த்த 30உம் காட்டின் மொத்தத்தில் ஐந்தில் மூன்று பங்குதான். மொத்தம் 50. படத்தில் வந்தவை 40. வராத 10 புலிகளும் கணக்கில் வந்துவிட்டன. இன்றைய ஆய்வாளர்கள் எந்தக் கேமராவில் எந்தப் புலி விழுந்தது என்ற இடத்தகவலையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஆனாலும் அடிப்படை இதுதான்.

2006இல் தேசியக் கணக்கெடுப்பே இந்த வழிக்கு மாறியது. நாடு முழுவதற்கும் வந்த மதிப்பீடு 1,411. நெஞ்சைச் சுட்ட எண், ஆனால் நம்பத்தக்க எண். 2022இல் அது 3,682 ஆனது.

எண் கையில் வந்தபின், காட்டுக்குள் எவ்வளவு சுற்றுலா என்று முடிவெடுக்க வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவைச் சில மாதம் நிறுத்தி வைத்தது. பின்னர் வந்த வழிகாட்டுதல், மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்றது. எத்தனை வண்டி போகலாம் என்பதற்கும் அதில் கணக்கு உண்டு. பாதையின் நீளமும் வண்டிகளுக்கு இடையே விட வேண்டிய தூரமும் அதிகபட்ச எண்ணைத் தரும். மண் அரிப்பு, விலங்குக்கு ஆகும் தொந்தரவு, பணியாளர் பலம் ஆகியவற்றைப் பார்த்து அதைக் குறைக்கிறார்கள்.

சாமராஜநகர் மாவட்டத்தில் பந்திப்பூரோடு பிலிகிரி ரங்கன் மலைக் காப்பகமும் மலை மகாதேசுவரர் காடுகளும் உள்ளன. தமிழ்நாட்டின் முதுமலையும் சத்தியமங்கலமும் தொட்டடுத்தவை. புலிக்கு மாநில எல்லை தெரியாது. ஆனால் புலியிடம் மாட்டை இழப்பவரின் துயரத்தைக் கேமரா எண்ணுவதில்லை. 2025 ஜூனில் மலை மகாதேசுவரர் காட்டில் நஞ்சிட்ட மாட்டுடலைத் தின்று தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் இறந்தன. எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதை அந்த ஐந்து சாவுகள் சொல்லின.

இந்தக் கணக்கு இன்னும் போய்ச் சேராத இடங்கள் இரண்டு உண்டு: சுற்றுலா வகுப்பறையும் சஃபாரி ஜீப்பும். புலி காட்டவில்லை என்று வழிகாட்டியிடம் கோபித்துக்கொள்ளும் பயணி, அந்தக் கோபத்தாலேயே வண்டிகளை ஒரே இடத்தில் குவிய வைக்கிறார். படத்தில் விழாத 10 புலிகள் பற்றி வழிகாட்டி அவருக்கு ஐந்து நிமிடம் சொல்லட்டும். அதைச் சொல்லத் தெரிந்த வழிகாட்டிகளை உருவாக்குவது சுற்றுலாக் கல்வியின் வேலை. தான் பார்க்காத புலியும் காட்டில் இருக்கிறது என்று புரிந்துகொண்ட பயணி, அதைத் துரத்தச் சொல்ல மாட்டார்.