ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்த படம்



தை மாதம் நம் சொந்தத்தில் நடந்த கல்யாணத்தின் ஆல்பம் வந்தது. பாதிப் படங்கள் கல்வராயன் மலையில் எடுத்தவை. மேகம் அருவிக்குப் போகிற வழியில் மணமக்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தலையில் விறகுக் கட்டோடு ஒரு மலை ஊர்ப் பெண். அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது கள்ளக்குறிச்சியில் போட்டோ என்றாலே ஸ்டூடியோதான். உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் ஸ்டூலில் உட்காருவோம். பின்னால் திரையில் வரைந்த ஏரி!

வெளிநாட்டு ஃபேஷன் பத்திரிகைகளிலும் வெகுகாலம் ஸ்டூடியோப் படம்தான். 1933இல் ஹங்கேரிக்காரர் மார்ட்டின் முன்காச்சி, ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காகக் கடற்கரையில் ஓடும் பெண்ணைப் படம் எடுத்து அதை உடைத்தார். ஆனாலும் இது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். கையடக்கக் கேமரா, கலர் ஃபிலிம், விமானம் எல்லாம் சேர்ந்துகொண்டன. பிரிட்டனில் 1949 வரை துணிக்கே ரேஷன். அதிலிருந்து மீண்டவர்களுக்குத் துணியோடு தூர தேசத்தையும் காட்டினார்கள். 1955இல் ரிச்சர்ட் அவெடன் பாரிஸ் சர்க்கஸ் யானைகளுக்கு நடுவே டொவிமா என்ற மாடலை டியோர் கவுனில் நிறுத்தினார்.

மறு வருடம் நார்மன் பார்க்கின்சன் இந்தியாவுக்கே வந்தார். ஜெய்ப்பூர் அரண்மனைக்கு வெளியே, அலங்கரித்த யானையின் பக்கத்தில், ரோஸ் நிறக் கம்பளிக் கோட்டில் ஆன் கன்னிங் நிற்கும் படம் 1956 நவம்பர் பிரிட்டிஷ் வோக் இதழுக்கானது. ஜெய்ப்பூரில் கம்பளிக் கோட்டு! விற்பனை லண்டன் குளிருக்கு அல்லவா? அந்தப் படத்தைப் பார்த்துத்தான், இந்தியாவுக்கு ரோஸ்தான் நேவி ப்ளூ என்று டயானா வ்ரீலண்ட் சொன்னார்.

அழகான படம், மறுக்கவில்லை. நான் பார்த்த படக்குறிப்பில் மாடல் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் இருந்தன. யானையைப் பிடித்து நிறுத்தியவர் பெயர் இல்லை.

நம் ஆல்பத்துக்கு வருகிறேன். போட்டோகிராபர் தம்பியிடம் அந்த அம்மா யார் என்று கேட்டேன். "தெரியல சார், பேக்ரவுண்டு நல்லா இருந்துச்சு" என்றார். எனக்குத் தெரிந்தது. மலைப் பள்ளியில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். அவளைக் கேட்காமல் பெயரை இங்கே போடமாட்டேன்.

ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். படத்தை வெகுநேரம் பார்த்தாள். கோபப்படவில்லை.

"சொல்லியிருந்தா கட்ட எறக்கி வச்சிட்டு நின்னிருப்பேனே சார்" என்றாள்.

எனக்கு அந்தப் பவுடர் டப்பா ஞாபகம் வந்தது. "இப்ப எடுக்கலாமா அம்மா?" என்றேன். உள்ளே போய் முகம் கழுவி, புடவை மாற்றி, பேத்தியையும் இழுத்துக்கொண்டு வந்தாள். என் செல்போனில் எடுத்தேன். சட்டம் போடக் கடையில் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டு மலைக்குப் போகிறேன்.