கலைக்களஞ்சியமும் மாட்டேறும்

நூலின் ஓரிடத்துக் கூறியதனைப் பிறிதோரிடத்துக் கூறியதனோடு இயைக்கும் நெறி தமிழிலக்கணத்தார்க்குப் புதியதன்று. ஒன்றற்குக் கூறிய விதியை மற்றொன்றற்கும் பொருத்திக் காட்டுதலை மாட்டேறு என்பர் உரையாசிரியர். நன்னூலார் தொகுத்த 32 உத்திகளுள் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என்பனவும் உள. பொருள் வரிசையும் ஓராசிரியனும் உடைய நூற்கு இவை அமையும். அவ்விரண்டும் இல்லாத கலைக்களஞ்சியத்துள் கட்டுரைகள் எவ்வாறு இணைக்கப்பட்டன என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

அகர வரிசை தேடுவார்க்கு எளிது. ஆயின், இனப்பொருள்களைச் சிதறடிப்பது. இக்குறையை நன்குணர்ந்தவர் ஆங்கில நாட்டு ஈபிரேயம் சேம்பர்சு. 1728இல் இரு தொகுதிகளாக வெளிவந்த தம் களஞ்சியத்தின் முன்னுரையில் அவர் அறிவுத்துறைகளை 47 கிளைகளாகப் பகுத்துக் காட்டினார். கட்டுரைகளுள், பொதுவினின்று சிறப்பிற்கும் சிறப்பினின்று பொதுவிற்கும் மாட்டேறு வைத்தார். சிதறியவற்றை மீண்டும் ஒருங்கு கூட்டுதலே அவர் நோக்கம்.

பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் இதனினும் ஒருபடி மேற்சென்றது. திதரோ, தலாம்பேர் ஆகியோர் முயற்சியால் 1751 முதல் 1765 வரை அதன் 17 உரைத் தொகுதிகள் வெளிவந்தன. 1755இல் வெளிவந்த ஐந்தாம் தொகுதியில் திதரோ மாட்டேற்றின் வகைகளை விரித்துரைத்தார். அது கருத்துக்களை ஒன்றற்கொன்று துணையாக்கவும் வல்லது. முரணச் செய்து, வெளிப்பட மறுத்தற்கியலாக் கொள்கையை மறைவாகத் தாக்கவும் வல்லது என்பது அவர் கருத்து. முதல் தொகுதியில் மனிதவூன் உண்போரைப் பற்றிய கட்டுரை, 'நற்கருணை', 'பலிபீடம்' முதலியவற்றைக் காண்க என்று முடிகின்றது. கிறித்தவ வழிபாட்டைப் பற்றிய எள்ளல் அக்கட்டுரைகளில் இல்லை; அவற்றை இணைத்த 'காண்க' என்னும் ஒரு சொல்லிலேயே உள்ளது. தொகுதிகள் எழுத்து முறையே அச்சேறியமையால், எழுதப்படாத கட்டுரைகளைச் சுட்டிய மாட்டேறுகளும் நேர்ந்தன. இஃது 'உரைத்தும்' என்று கூறி உரையாதொழிதலை ஒக்கும்.

பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தின் 15ஆம் பதிப்பு 1974இல் வெளிவந்தபொழுது தனிச் சொல்லடைவு நீக்கப்பட்டு, அறிவுத்துறைகளின் பாகுபாட்டிற்கென ஒரு தொகுதி அமைந்தது. 1985இல் சொல்லடைவு மீண்டும் சேர்க்கப்பட்டது. பாகுபாடு மட்டும் தேடுவார்க்குப் போதாது என்பது இதனாற் பெறப்படும்.

2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவின் தமிழ்ப் பதிப்பு 2003இல் தோன்றியது. அதன்கண் இல்லாத கட்டுரையைச் சுட்டும் இணைப்பு செந்நிறத்தில் தோன்றும். நிறைவேறாத 'உரைத்தும்' ஈண்டு மறைக்கப்படுவதில்லை. இனக்கட்டுரைகளின் இறுதியில் ஒரே வழிசெலுத்துப் பெட்டி இடம்பெறுதலின், இணைப்பு இருபாலும் செல்கின்றது. இவை அச்சுக் களஞ்சியத்தினும் மேம்பட்ட அமைப்புக்களே.

ஆயினும், பழைய இடர் நீங்கிற்றிலது. திருக்குறளைச் 'சமண நூல்கள்' என்னும் பெட்டியுள் வைப்பின், அறிஞர் நெடுங்காலம் வாதிட்ட வினாவிற்குச் சான்று காட்டாமலே விடை கூறியதாகும். கட்டுரையின் கூற்றிற்கு ஆதாரம் கேட்போரும் பெட்டியின் தலைப்பிற்கு ஆதாரம் கேட்பது அரிது. ஆதலின், பெட்டியின் எல்லை குறுகியதாதல் வேண்டும்; அது காட்டும் உறவு கட்டுரைகளுள்ளேயே சான்றுடன் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். மாட்டேறும் ஒரு கூற்றே. கூற்றிற்குரிய பொறுப்பு அதனை அமைப்பார்க்கும் உண்டு என்பதே எம் துணிபு.