பாரிஸ் நகரை எட்டிய பீரங்கி

1918-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் காலை. பாரிஸ் நகரில் குண்டொன்று விழுந்து வெடித்தது. வானில் விமானம் எதையும் காணோம். சிறிது நேரத்தில் மற்றொன்றும் விழுந்தது. கண்ணுக்கெட்டாத உயரத்தில் ஏதேனும் பறக்கிறதோ என்று நகர மக்கள் ஐயுற்றனர். சிதறிய துண்டுகளை ஆராய்ந்த நிபுணர்களோ, அவற்றில் பீரங்கிக் குழாயின் சுருள்மரைத் தடங்களைக் கண்டு திகைத்தனர்.

அந்தப் பீரங்கி ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்கு அப்பால், லான் நகருக்கு அருகிலுள்ள கிரெப்பிக் காட்டில் மறைந்திருந்தது. ஜெர்மனியின் குருப் தொழிற்சாலை அதனைச் செய்தது. கடற்படையினர் அதனை இயக்கினர். ‘பெரிய பெர்த்தா’ என்று இதனைக் குறிப்பிடுவோர் உண்டு. அது தவறு. அப்பெயருடையது, 1914-இல் லியேஜ் கோட்டைகளைத் தகர்த்த வேறொரு பீரங்கி.

இதன் குழாய் 34 மீட்டர் நீளம். தன் பாரத்தாலேயே அது வளைந்துவிடும். ஆகவே பாலத்தைத் தாங்குவது போல் மேலிருந்து கம்பிகளால் இழுத்துக் கட்டினர். குண்டு 40 கிலோமீட்டர் உயரம் சென்று, காற்று அருகிய வெளியைக் கடந்து, மூன்று நிமிடத்தில் பாரிஸை அடைந்தது. அதற்குள் பூமி சுழன்றுவிடும் அளவையும் கணக்கிட வேண்டியிருந்தது!

ஒவ்வொரு வெடிப்பிலும் குழாய் தேய்ந்து அகன்றது. ஆதலால் குண்டுகளை ஒன்றைவிட ஒன்று சற்றுப் பருமனாகச் செய்து, அலுவலகக் கோப்பின் தாள்களைப் போல் வரிசை எண் இட்டிருந்தனர். வரிசை தவறலாகாது. அறுபது குண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுட்டதும் குழாயைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டு அனுப்பிய 106 கிலோகிராம் குண்டினுள் இருந்த வெடிமருந்து 7 கிலோகிராம்தான். கோட்டையையோ பாசறையையோ குறிவைக்க இதனால் இயலாது. ஒரு மாநகரம் முழுவதுமே இலக்கானால்தான் குறி தப்பாது. அதாவது, மக்களை அச்சுறுத்துவதே இதன் வேலை என்பதை நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை.

மார்ச் 29, புனித வெள்ளி. செயின் நதிக்கரையை அடுத்த சேன் ழெர்வே ஆலயத்தில் மக்கள் வழிபாட்டிற்குக் கூடியிருந்தனர். குண்டொன்று தாக்கியதில் மேல் வளைவு இடிந்து அவர்கள்மீது வீழ்ந்தது. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர்.

ஆகஸ்டு மாதம் வரை முந்நூறுக்கு மேற்பட்ட குண்டுகள் எறியப்பட்டன; சுமார் 250 பேர் உயிரிழந்தனர். பாரிஸ் பணியவில்லை. நேசப்படைகள் முன்னேறவே, ஜெர்மானியர் பீரங்கியை இருப்புப்பாதை வழியே திரும்பக் கொண்டு சென்றனர். நேசப்படையினர் தேடினார்கள். காலியான பீடமொன்று கிடைத்தது. குழாய் அகப்படவே இல்லை.